இன்னாசியின் காலடிப் பனி

ஊதல்மேட்டுக்கு ஒயின் ருசி பார்க்கப் போனவர்கள் எல்லோரும் கடைசியில் இன்னாசியைப் பார்த்துவிட்டுத்தான் மலை இறங்கினார்கள். அடிவாரத்தில் வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில் புறப்படுகிற வேன், கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பித் திரும்பி, தைல மர வாசத்தையும் பின்சீட்டுக்காரர்களின் வாந்தியையும் கடந்து, மேகம் வந்து கண்ணாடியில் ஒட்டுகிற உயரத்துக்கு ஏறியதும், கைடு செலின் மைக்கை இரண்டு தட்டுத் தட்டி, "எல்லாரும் ஸ்வெட்டர் போட்டுக்கங்க, கண்ணாடிய எறக்கி மூக்க நீட்டுங்க, இதான் எங்க ஊரு ஊதக்காத்து, இந்தக் காத்துக்குத்தான் திராட்ச அவசரப்படாம நின்னு நெதானமாப் பழுக்கும்" என்பாள். அப்புறம் சரிவில் கம்பியேற்றிய கொடிகளுக்கு நடுவே நடக்க விட்டு, பழம் பிழிகிற ஆலையைக் காட்டி, மரப்பீப்பாய்கள் அடுக்கிய நிலவறைக்குள் இறக்கி, ஒவ்வோர் ஒயின் ஆலையிலும் கிளாசில் விரற்கடை ஊற்றிக் கொடுப்பார்கள். வந்தவர்கள் அதைச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு முகர்ந்து, வாயில் வைத்துக் கொப்பளித்து, விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் பக்கத்து ஆளின் தொண்டையைப் பார்த்து, பிறகு விழுங்குவார்கள். அந்தக் கிறுகிறுப்போடு வேன் கடைசியாகப் பள்ளத் தோட்டத்தில் போய் நிற்கும்.

அங்கே கொடி வரிசைக்குக் கீழே ஒரு ஸ்டூலில் இன்னாசி உட்கார்ந்திருப்பான். ஐம்பதை ஒட்டிய ஆள், முழுக்கைச் சட்டை, கழுத்தில் மாதா படம் தைத்த உத்தரியக் கயிறு, முழங்கால் வரை மடித்துக் கட்டிய வேட்டி, வெறும் கால். அந்தக் காலைச் சுற்றி ஒரு பாய் விரிக்கிற அகலத்துக்கு உறைபனி வெள்ளையாகப் படர்ந்திருக்கும். மேலே வெயில் அடித்துக்கொண்டிருக்கும், பக்கத்து வரப்பில் வெட்டுக்கிளி தத்தும், இன்னாசி எழுந்து நாலடி நடந்தால் பனியும் எழுந்து நாலடி நடக்கும். வெளியூர்க்காரர்கள் வாயைப் பிளப்பார்கள். ஊர்க்காரர்கள் அவன் காலைப் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள், நம் தெருவில் யாருக்கு யானைக்கால் என்று நாம் தினமும் பார்த்துக்கொண்டா இருக்கிறோம்.

அந்தப் பனி அவன் காலடிக்கு வந்த கதை இதுதான். ஊதல்மேட்டில் தை மாசி மாதங்களில், கிளை கழிக்கிற கவாத்து முடிந்து கொடி துளிர்க்கிற சமயம் பார்த்து, வானம் துடைத்துவிட்டது போல் இருக்கிற நாட்களில் உறைபனி இறங்கும். குளிரும் தண்ணீர் மாதிரிதான், மேட்டில் நிற்காது, சரிவில் வழிந்து போய்ப் பள்ளத்தில் தேங்கும். அதனால் ஊரில் மூட்டம் போடுகிற முறை என்று ஒன்று உண்டு. வீட்டுக்கு ஒரு நாள் முறை. முறைக்காரன் விடியுமுன் எழுந்துபோய், தோட்டம் தோட்டமாகக் குவித்து வைத்திருக்கிற ஈர வைக்கோலையும் கவாத்துக் குச்சிகளையும் பற்றவைத்துப் புகை போட வேண்டும், ஊர் அதை நம்பித் தூங்கும். முதலில் பள்ளம், பிறகு நடுச்சரிவு, அப்புறம் மேடு, எல்லோருடையதும் ஆன பிறகுதான் முறைக்காரனின் சொந்தத் தோட்டம். இதை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை, எழுதி வைக்கிற அளவுக்கு யாரும் மீறியதும் இல்லை.

இன்னாசியின் முறை வந்த அன்று தீப்பெட்டி நமுத்துப் போயிருந்தது. பற்றுகிறதா பார்ப்போம் என்று வீட்டை ஒட்டிய தன் தோட்டத்திலேயே ஒரு குச்சியைக் கிழித்தான், பற்றியது, பற்றிய நெருப்பை அணைக்க மனசு வராமல் தன் குவியலில் வைத்தான், ஒன்று வைத்தாகிவிட்டது, பக்கத்துக் குவியலுக்கும் வைத்துவிட்டே போவோம், கொடியெல்லாம் பால் குடிக்கிற பிள்ளை போலத் துளிர் விட்டு நிற்கிறது, கீழே போக எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது என்று ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போனான். ஒவ்வொரு குவியலிலும் கொஞ்சம் கை காய்ந்தான். அவன் செய்தது அவ்வளவுதான், அதற்கு மேலும் இல்லை, அதற்குக் குறைவும் இல்லை. பள்ளத்துக்கு அவன் இறங்கியபோது அங்கே துளிர்கள் வெள்ளையாக விறைத்து நின்றன, அவசரமாக வைத்த மூட்டத்துக்கும் இளகவில்லை, சூரியன் பட்டதும் எல்லாம் கறுத்துத் தொங்கின. இரண்டு வயதுக் கொடிகள், வேரோடு போய்விட்டன.

பள்ளத் தோட்டம் பிலோமினாளுடையது. இன்னாசியின் பெரியப்பா மகனைக் கட்டி, சீக்கிரமே அவரைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டு, இருந்த ஒரு துண்டு நிலத்தில் பதியன் குச்சிகளைத் தலைச்சுமையாகக் கொண்டு வந்து நட்டு, பிள்ளை குட்டி இல்லாத குறைக்கு அவற்றோடு பேசிக்கொண்டு கிடந்தவள். கறுத்த கொடிகளுக்கு நடுவே அவள் நின்றபோது ஊரே கூடி நின்றது. இன்னாசியும் நின்றான். "மொதல்ல இங்கதான் பத்த வச்சேன் மதினி, குளிரு முந்திக்கிருச்சு" என்றான். எல்லோரும் நம்பினார்கள். அவளும் நம்பினாள். "நீ என்னப்பா செய்வ" என்று அவனுக்கே ஆறுதல் சொன்னாள், அந்த ஆறுதல்தான் அவனைக் கொன்றது.

வந்த ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், எல்லோரும் முழந்தாளிட்ட நேரத்தில், இன்னாசி முழந்தாளிட்ட இடத்தில் சிமெண்டுத் தரை வெளுத்தது. வெள்ளை நடுப்பாதையைத் தாண்டிப் பெண்கள் பக்கம் போனது. முன்னே இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், அவன் முகத்தைப் பார்த்தார்கள், பிறகு ஒருவருக்கும் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பிலோமினாள் அந்தப் பனியையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நற்கருணை வாங்கப் போய்விட்டாள். கொஞ்ச நாளில் நிலத்தை ஒயின் ஆலை முதலாளி பர்னபாசுக்குக் கொடுத்துவிட்டு, அவருடைய ஆலையிலேயே ருசி பார்க்கிறவர்கள் வைத்துவிட்டுப் போகிற கிளாஸ்களைக் கழுவுகிற வேலைக்குச் சேர்ந்தாள்.

மன்னிப்புக் கேட்க இன்னாசி போகாமல் இல்லை. போனான். அவள் வாசலில் காலை வைத்ததும் அவனுக்கு முன்னால் பனி படியேறும்.

"மதினி..."

"அங்கயே நில்லு தம்பி. இப்பத்தான் தக்காளி நாத்து வச்சிருக்கேன்."

"ஒரே ஒரு வார்த்த மதினி, சொல்லிட்டுப் போயிர்றேன்."

"கருகுது பாரு, கருகுது பாரு! தள்ளிப் போய்யா மொதல்ல!"

தள்ளிப் போவான். தெருவில் நின்று கத்திச் சொல்கிற விஷயமா அது. வார்த்தையைத் தொண்டையில் வைத்துக்கொண்டு திரும்பி வருவான், வருகிற வழியில் பனி இன்னும் ஒரு விரல் தடித்திருக்கும்.

ஊர் அதற்குப் பழகிக்கொண்ட விதம்தான் விசேஷம். இன்னாசியின் மனைவி கித்தேரி முதல் வாரம் அழுதாள், இரண்டாவது வாரம் மூன்று கம்பளி வாங்கினாள், அதற்கடுத்த வாரம் பால் சட்டியை அவன் காலடியில் வைத்துப் பார்த்து, மறுநாள் வரை திரியாமல் இருப்பதைக் கண்டு மாவுச் சட்டியையும் கொண்டு வந்து வைத்தாள். வண்டியில் மீன் கொண்டு வருகிறவர் மலையேறியதும் முதல் வேலையாகக் கூடையை இன்னாசி பக்கத்தில் இறக்கிவிட்டு டீ குடிக்கப் போனார். கல்யாண வீட்டுக்காரர்கள் பாக்கு வெற்றிலையோடு வந்து, பந்தியில் ஐஸ்கிரீம் இருக்கிறது, சமையல் கூடத்தில் கொஞ்சம் உட்கார வேண்டும் என்று அழைத்துப் போனார்கள். சலூன்காரர் மட்டும் வழுக்குகிறது என்று கடைக்குள் விடாமல் வாசலில் வைத்தே முடி வெட்டினார். பங்குச்சாமியார் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அவனுடைய பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டு, பல் கிட்டித்தபடி ஆசீர் கொடுத்து, "ஆண்டவர் மன்னிச்சிட்டாருப்பா. இனி அந்தம்மாகிட்டப் போய்க் கேளு, எப்படியாவது கேளு" என்றார். அது மாதா கோயிலுக்குப் புதுக் கோபுரம் கட்டத் தொடங்குவதற்கு முன்னால்.

அந்த வருடம் திராட்சைக் குலை வெட்டுச் சமயத்தில் கூலிக்கு வந்த இன்னாசி பர்னபாசின் தோட்டத்தில் ஒரு கல்தூணில் சாய்ந்து அசந்துவிட்டான். விழித்துப் பார்த்தால் அவன் தலைக்கு மேல் தொங்கிய குலைகள் எல்லாம் கோலிக்குண்டு போல இறுகியிருந்தன. திட்டு விழும் என்று எழுந்து நின்றான். பர்னபாஸ் திட்டவில்லை. ஒரு பழத்தைப் பறித்துக் கடித்தார், கண்ணை மூடினார், அந்தக் குலைகளை மட்டும் தனியே வெட்டிப் பிழியச் சொன்னார். பழத்திலிருந்த தண்ணீர் ஐசாக உள்ளேயே நின்றுவிட, தேன் போல் ஒரு சாறு சொட்டுச் சொட்டாக வந்தது. குளிர் நாடுகளில் இப்படி ஒன்று செய்வார்கள், அதற்கு மாதக்கணக்கில் பனிக்குக் காத்துக் கிடப்பார்கள் என்று பர்னபாஸ் எங்கோ படித்திருந்தார். இங்கே பனி கம்பளி போர்த்திக்கொண்டு எதிரே நின்றுகொண்டு, "மொதலாளி, தெரியாமத் தூங்கிட்டேன்" என்று கையைப் பிசைந்தது.

அதற்குப் பிறகு ஊதல்மேட்டை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். பட்டணத்துக் கண்காட்சியில் அந்தப் பனி ஒயினுக்குப் பரிசு கிடைத்தது, பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள், வேன்கள் வந்தன, மற்ற ஆலைக்காரர்களும் வந்து இன்னாசியைக் கேட்டார்கள். மூட்டத்துக்கு முறை வைத்த ஊர் இன்னாசிக்கும் முறை வைத்தது. வெட்டு நாட்களில் இன்று இவர் தோட்டம், நாளை அவர் தோட்டம், கடைசி முறை எப்போதும் பள்ளத் தோட்டத்துக்கு, மற்ற நாளெல்லாம் அவன் ஸ்டூல் அங்கேதான். தார் ரோடு வந்தது, தெருவிளக்கு வந்தது, மாட்டுக்கொட்டகை இருந்த இடங்களில் தங்கும் விடுதிகள் வந்தன, கித்தேரிக்கு மாடி வைத்த வீடு ஒன்று எழும்பத் தொடங்கியது, கோயிலுக்குக் கோபுரம். வேனில் வருகிறவர்கள் இன்னாசி பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள், அவன் பனியில் தங்கள் கட்டைவிரலை வைத்து வைத்து எடுத்தார்கள். யாராவது, "ஏங்க இப்படி ஆச்சு?" என்று கேட்டால் அவன் ஒளிக்காமல் சொன்னான். "எங்க மதினி தோட்டத்தக் கருக விட்டுட்டு எந் தோட்டத்துக்கு நெருப்பு வச்சேங்க. கேட்டவங்ககிட்டப் பொய்யும் சொன்னேன்." அவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். இரண்டு பாட்டில் கூடுதலாக வாங்குவார்கள். சிலர், ஒயின் உள்ளே போன தைரியத்தில், குனிந்து அவன் காதில் தங்களுடையது எதையாவது சொல்லிவிட்டு, லேசாகிப் போன முகத்தோடு வேனில் ஏறுவார்கள்.

இப்படி ஓர் ஊரே ஒருவனுடைய குற்ற உணர்ச்சியில் பிழைக்க ஆரம்பித்தால் அப்புறம் அதைக் காவல் காக்கத்தானே வேண்டும். நல்லவர்கள்தான் எல்லோரும். யாரும் உட்கார்ந்து திட்டம் போடவில்லை. ஆனால் பிலோமினாளின் வேலை ஊரின் மறுகோடி ஆலைக்கு மாறியது. இன்னாசி காலைப் பூசைக்கு, அவள் மாலைப் பூசைக்கு என்று எப்படியோ ஆனது. பள்ளத் தோட்டத்துக்கு வேலி வந்தது, கேட்டு வந்தது, டிக்கெட் இல்லாமல் உள்ளூர்க்காரர்களை விடுவதில்லை என்றும் வந்தது. பர்னபாஸ் அங்கே புதுக்கொடி நட்டபோது கருகிய கொடிகளில் ஒரு வரிசையைப் பிடுங்காமல் அப்படியே விட்டார், இன்னாசியின் ஸ்டூலுக்கு நேர் எதிரே. "பிலோமி மதினி எப்படி இருக்காக?" என்று அவன் கேட்டால், "ஒம் பேரெடுத்தாலே மூஞ்சியத் திருப்பிக்கிர்றாகப்பா" என்றார்கள். "இன்னாசித் தம்பி ஏன் வர்றதே இல்ல?" என்று அவள் கேட்டால், "அவனுக்கென்னக்கா, மாடி வீடு கட்றான், பழசெல்லாம் எங்க ஞாபகம் இருக்கப் போகுது" என்றார்கள்.

வெட்டு நெருங்குகிற சமயத்தில் அவன் கொஞ்சம் சிரித்துப் பேசினால், காலடியில் வெள்ளை கொஞ்சம் மெலிந்தால், யாராவது ஒருவர் வெற்றிலை போட வந்தது போல் பக்கத்தில் குந்தி, "பாவம் பிலோமி, சோப்புத் தண்ணியிலயே கெடந்து கையெல்லாம் தோலுரிஞ்சு போச்சு" என்று சொல்லிவிட்டு எழுந்து போவார்கள். அது போதும். மறுநாள் குலைகள் விறைத்திருக்கும். கோபுரத்தில் பாதி ஏறியிருந்த பங்குச்சாமியாரும், "அவசரப்படாத இன்னாசி. எல்லாத்துக்கும் ஆண்டவர் ஒரு நேரம் வச்சிருப்பாரு" என்று சொல்லப் பழகியிருந்தார். கித்தேரி ஒரு நாள் அவன் காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டே, "மேல் மாடிக்குக் கதவு மட்டும் வச்சிரட்டும். அப்புறம் போய்க் கேட்டுக்கங்க. நானே கூட்டிட்டுப் போறேன்" என்றாள். சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்க்காமல் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பிலோமினாளுக்கு உண்மையைச் சொன்னது ஒரு வெளியூர் அம்மாள். ருசி பார்த்த கிளாசைக் கழுவுகிற தொட்டியில் வைத்தவள் சும்மா இருக்காமல், "அந்த ஆளப் பாத்தாப் பாவமா இருக்குங்க, மதினி மதினின்னு இன்னும் அழுகுறாரு. அந்த மகராசி ஒரு வார்த்த சொன்னாத்தான் என்னவாம்?" என்றாள். பிலோமினாள் ஈரக்கையைச் சேலையில் துடைத்தாள். அவள் அந்தக் கோபத்தை எப்போதோ விட்டுவிட்டாள், கருகிய தக்காளி நாற்றுக்குப் பதிலாக வைத்த நாற்று காய்க்கிறதற்கு முன்னாலேயே விட்டுவிட்டாள். அவன் மறந்துவிட்டான் என்று நினைத்து அவளும் மறக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று வேலை முடிந்ததும் பர்னபாசிடம் போய்ப் பள்ளத்துக்குப் போகணும் என்றாள். "வெட்டு முடியட்டும்க்கா, நானே கார்ல கூட்டிப் போறேன்" என்றார் பர்னபாஸ். கேட்டுக்காரனிடம் போனாள், சாவி முதலாளியிடம் என்றான். இன்னாசியின் வீட்டுக்குப் போனாள், அவர் தூங்குகிறார் என்றாள் கித்தேரி. சாமியாரிடம் போனாள், அவர் கோபுரத்தின் மேல் இருந்தார்.

ஆகவே ஒரு நாள், கோயில் திருநாளுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு, முதல் பஸ்ஸில் அடிவாரத்துக்கு இறங்கி, டிக்கெட் கொடுக்கிற ஜன்னலில் ஒரு டிக்கெட் வாங்கி, சுற்றுலா வேனில் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தாள். செலின் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்துப் போனாள்.

"பெரியம்மா, நீங்க எதுக்கு இதுல...?"

"ஏன், டிக்கெட்டு வாங்கிருக்கேன்ல."

"நம்ம ஊரு தான பெரியம்மா, ஒங்களுக்குத் தெரியாததா?"

"ஒன்னும் பாத்ததில்லடி. கிளாஸு மட்டுந்தான் பாத்திருக்கேன். நீ பாட்டுக்குச் சொல்லு, கேக்குறேன்."

வெளியூர்க்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செலினால் என்ன செய்ய முடியும், மூக்கை வெளியே நீட்டச் சொன்னாள். பிலோமினாளும் நீட்டினாள். சரிவில் எல்லோரோடும் நடந்தாள், கவாத்துத் தப்பாகச் செய்திருந்த ஒரு கொடியை மட்டும் நின்று தடவிவிட்டு வந்தாள். நிலவறையில் குனிந்து பீப்பாய்களைத் தொட்டுப் பார்த்தாள். இத்தனை வருடம் வாசம் மட்டும் பார்த்த ஒயினை முதல் தடவையாக வாயில் வைத்து, மற்றவர்களைப் பார்த்துக் கொப்பளித்து, விழுங்கி, "இதுக்குத்தானா இம்புட்டுக் கிளாஸு!" என்று சொல்ல, வேன் கூட்டம் கொல்லென்று சிரித்தது. தான் வேலை பார்க்கிற ஆலையில், குடித்து முடித்த கிளாசைத் தானே கொண்டுபோய்க் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து வேனில் ஏறினாள். அவள் போய்ச் சேருமுன் செல்போனில் ஊரெல்லாம் செய்தி ஓடியது. நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஆலைக்காரர்கள் வெளியே வந்து கையைக் கட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார்கள். ஒருவர், டயர் இறங்கியிருக்கிறது, வேன் போகாது என்றார். டயர் இறங்கவில்லை என்று பின்சீட்டுக்காரர் ஒருவர் இறங்கிப் பார்த்துச் சொல்லிவிட்டார்.

பள்ளத் தோட்டத்தில் அன்றுதான் வெட்டு. குலைகள் இறுகித் தொங்கின, கூடைகளோடு ஆட்கள் வரிசை கட்டி நின்றார்கள், பர்னபாஸ் வந்திருந்தார், கித்தேரி வந்திருந்தாள், அங்கியில் சிமெண்டுத் தூசியோடு பங்குச்சாமியார் வந்திருந்தார். வேன் நின்றது. பிலோமினாள் இறங்கி, யாரையும் பார்க்காமல், செருப்புக் காலோடு பனிக்குள் நடந்து போனாள். அவள் நடக்க நடக்கப் பனி காலுக்கடியில் நொறுங்குகிற சத்தம் கேட்டது. இன்னாசி ஸ்டூலை விட்டுத் துள்ளி எழுந்தான்.

"மதினி, வராதீங்க, தள்ளி நில்லுங்க, காலு வெறச்சிரும்!"

"இங்க கருகுறதுக்கு என்னப்பா இருக்கு? இருந்ததெல்லாம் அன்னிக்கே கருகிருச்சு."

அவன் வாயைத் திறந்தான். வருடக்கணக்காகத் தொண்டையில் கிடந்தது வெளியே வந்தது. "மொதல்ல எந் தோட்டத்துக்குத்தான் மதினி வச்சேன். தீப்பெட்டி நமுத்துருச்சுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். கை காஞ்சுக்கிட்டு நின்னேன் மதினி. நீங்க அழுதப்ப ஒங்க மூஞ்சியப் பாத்துப் பொய் சொன்னேன்."

"தெரியும் தம்பி."

"என்ன மன்னிச்சிருங்க மதினி."

"அத எப்பவோ விட்டுட்டேன்யா. ஒங்கிட்ட வந்து சொல்லாம இருந்ததுதான் எந் தப்பு. எதுக்குய்யா இப்படி வெறுங்கால்ல ஒக்காந்து கெடக்குற? போ, வீட்டுக்குப் போயி வெந்நியில கால வையி."

இன்னாசி அழுதான். ஆண்பிள்ளை அத்தனை பேர் முன்னால் அழுகிறதைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை, நெஞ்சிலிருந்து ஓர் அம்மிக்கல்லை இறக்கி வைத்தது போலிருந்தது. முதலில் அவன் பெருவிரலைச் சுற்றி ஈரமானது. பிறகு வெள்ளை ஓரங்களிலிருந்து சுருங்கி, மண் நிறம் தெரிந்து, கம்பிகளில் ஏறியிருந்த பனி சொட்டத் தொடங்கியது. வரிசை வரிசையாகக் குலைகள் இளகிச் சொட்டின. தோட்டம் முழுவதும் மழை ஓய்ந்த வீட்டுக் கூரை போலச் சத்தம். இதுவும் காட்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக்கொண்டு வேன்காரர்கள் கைதட்டினார்கள்.

ஊர்க்காரர்கள் தட்டவில்லை. கூடைக்காரர்கள் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்கள். சாமியார் மரங்களுக்கு மேலே தெரிந்த பாதிக் கோபுரத்தைப் பார்த்தார். கித்தேரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் குலுங்கினாள், அவள் சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைக்க இன்னாசி விரும்பினான், நினைக்க முடியவில்லை. பர்னபாஸ் கோபப்பட்டிருந்தாலாவது தேவலை. அவர் குல்லாவைக் கழற்றிவிட்டு, மெதுவாக வந்து, இன்னாசியின் தோளில் கை வைத்தார்.

"பரவால்லப்பா இன்னாசி. ஊரே ஒன்ன நம்பித்தான் இருந்துச்சு. இத்தன குடும்பம், இத்தன பிள்ளைக படிப்பு. பரவால்ல. நீ நல்லா இருந்தாச் சரி."

இன்னாசி சுற்றிலும் பார்த்தான். கூடைமேல் உட்கார்ந்திருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். கித்தேரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஊர் தன்னை நம்பித் தூங்கியது, தான் தன்னுடையதை மட்டும் பார்த்துக்கொண்டோம், மறுபடியும் அதையேதான் செய்திருக்கிறோம் என்று அவனுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றிய அந்தக் கணத்தில் அவன் பெருவிரல் வெளுத்தது. பனி பாதத்தில் இறங்கி, பாயளவு பரவி, அத்தோடு நிற்காமல் வரிசை வரிசையாக ஓடி, கல்தூணில் ஏறி, கம்பியில் படர்ந்து, சொட்டிக்கொண்டிருந்த துளிகளை அந்தரத்திலேயே பிடித்து இறுக்கியது. "மாதாவே!" என்று யாரோ கத்தினார்கள். கூடைகள் நிமிர்ந்தன. அப்படி ஒரு வெட்டு அதற்கு முன் ஊதல்மேட்டில் நடந்ததில்லை, அந்த ஒயின் போல ஒன்று இனி வராது என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். கித்தேரி ஓடி வந்து அவன் தோளில் கம்பளியைப் போர்த்தி, "என்னங்க, என்னங்க" என்று சொல்லிக்கொண்டே கன்னத்தைத் தடவினாள், அவளுக்குச் சிரிப்பும் வெட்கமும் சேர்ந்து வந்தன.

பிலோமினாள் நின்ற இடத்திலேயே நின்றாள். அவள் கண்ணெதிரே இறங்கிய பாரம் அவள் கண்ணெதிரே திரும்ப ஏறியிருந்தது, முன்னைவிட இரண்டு மடங்காக. முன்பு அவன் ஒருத்திக்கு மட்டும்தான் கடன்பட்டிருந்தான், இப்போது ஊருக்கே. நான் வாயை மூடிக்கொண்டு கிளாஸ் கழுவிக்கொண்டு கிடந்திருக்கலாமே, எந்தப் பாவி என்னை வேன் ஏறச் சொன்னது, இவனைக் காப்பாற்றுகிறேன் என்று வந்து இப்படிச் செய்துவிட்டேனே என்று அவள் நினைத்தாள். நினைக்க நினைக்க உள்ளங்காலில் சுருக்கென்று ஏதோ குத்தியது. செருப்பைக் கழற்றிப் பார்த்தாள். முள் இல்லை.

பர்னபாஸ்தான் முதலில் கவனித்தார். அவளுடைய பாதத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பு கட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு பனி எட்டாமல் நின்ற தோட்டத்தின் மேற்குப் பக்கம் பார்த்தார், பிறகு குரலைத் தாழ்த்தி, மரியாதையாக, "செலினு, பெரியம்மா எவ்வளவு நேரமா நிக்கிறாக, ஒரு ஸ்டூல் எடுத்தாம்மா" என்றார்.

ஸ்டூல் வந்தது. மேற்கு வரிசையில் போடலாம் என்றார் பர்னபாஸ். பிலோமினாள் அதை அவர் கையிலிருந்து வாங்கி இன்னாசிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் எதிரே இருந்த கருகிய வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ரொம்ப எரியுமா தம்பி?"

"ஆரம்பத்துல எரியும் மதினி. அப்புறம் பழகிரும்."

வெட்டு முடிந்து, பனி சுருங்கி அவரவர் காலடிக்கு வந்த பிறகு, வேன்காரர்கள் எல்லோரையும் சேர்த்து நிற்க வைத்து ஒரு படம் எடுத்தார்கள். அடிவாரத்தில் டிக்கெட் கொடுக்கிற இடத்தில் இப்போது அதைத்தான் பெரிதாக்கி மாட்டியிருக்கிறார்கள். ஸ்டூலில் இரண்டு பேர். பின்னால் பர்னபாஸ், பங்குச்சாமியார், கித்தேரி, செலின், கூடைக்காரர்கள், எல்லோரும் சிரித்த முகம். டிக்கெட்டுக்கு வரிசையில் நிற்கிற நேரத்தில் கொஞ்சம் கீழே குனிந்து பாருங்கள், எல்லோருடைய காலும் நன்றாகத் தெரிகிறது. உட்கார்ந்திருக்கிற இரண்டு பேர் காலடியில் மட்டும் வெள்ளை. மற்றவர்கள் நிற்கிற இடத்தில் புல் நல்ல பச்சையாக இருக்கிறது.